அமெரிக்காவில் ஓட்டுப் போடும் நாளுக்கு ஏன் லீவு இல்லை?

கேள்வி இதுதான்: இந்தியாவில் வாக்குப்பதிவு அன்று ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஜனநாயகம் பற்றி இவ்வளவு பேசும் அமெரிக்காவில், கொலம்பஸ் பெயரில்கூட ஒரு விடுமுறை இருக்கும்போது, ஓட்டுப் போடும் நாள் மட்டும் ஏன் வேலை நாளான செவ்வாய்க்கிழமையில் வருகிறது?

செவ்வாய்க்கிழமை ஏன் என்பதற்குப் பதில் எளிது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நாடு முழுக்க ஒரே தேர்தல் நாள் என்று எதுவும் கிடையாது. 1792-ல் போட்ட சட்டப்படி, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டர்கள் டிசம்பர் முதல் புதன்கிழமை கூடுவார்கள், அதற்கு முந்தைய 34 நாட்களுக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் ஒவ்வொரு மாநிலமும் தேர்தல் நடத்திக்கொள்ளலாம். இதனால் ஒரு மாநிலத்தின் முடிவு தெரிந்த பிறகு அடுத்த மாநிலத்துக்காரர் ஓட்டுப் போட்டார். ஆட்கள் எல்லை தாண்டிப் போய் இரண்டாவது ஓட்டும் போடுகிறார்கள் என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. 1845-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரே நாளைக் குறித்தது: நவம்பரில் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய்.

நவம்பரில் அறுவடை முடிந்திருக்கும், கடுங்குளிர் இன்னும் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். ஓட்டுப் போட கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) தலைமை ஊருக்குப் போக வேண்டும், குதிரை வண்டியில் பலருக்கு அது ஒரு நாள் பயணம், ஆகவே திங்கட்கிழமை கிளம்பலாம். புதன்கிழமை பல இடங்களில் சந்தை நாள். மிஞ்சியது செவ்வாய். "முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்" என்று சுற்றி வளைத்துச் சொன்னதற்கும் காரணம் உண்டு: வெறுமனே முதல் செவ்வாய் என்றால் சில வருடங்களில் நவம்பர் 1 வரும், அப்போது டிசம்பர் முதல் புதனுக்கு 36 நாள் ஆகி, பழைய 34 நாள் வரம்பு மீறிப்போகும். இந்தக் கணக்கில் எப்போதும் சரியாக 29 நாள்தான். நாடு முழுக்க ஒரே நாளில் அதிபர் தேர்தல் முதன்முதலில் நடந்தது 1848 நவம்பர் 7 அன்று.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. அன்று ஓட்டுரிமை யாரிடம் இருந்தது? ஏறக்குறைய முழுக்க வெள்ளை ஆண்களிடம், அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அவர்களுடைய வருடத்தை, வாரத்தை, வழிபாட்டை, சந்தையை எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அந்த நாளைக் குறித்திருக்கிறார்கள். வாக்காளருக்கு வசதியான நாளைத் தேட வேண்டும் என்ற அக்கறை 1845-ல் நிறையவே இருந்தது. பிறகு வாக்காளர்கள் மாறினார்கள். 1870-ல் 15-வது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கும், 1920-ல் 19-வது திருத்தம் பெண்களுக்கும் உரிமை தந்தது, 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் தெற்கில் கறுப்பின மக்கள் உண்மையிலேயே பெரிய எண்ணிக்கையில் ஓட்டுப் போட முடிந்தது. நாள் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் நர்சுக்கு எந்த நாள் வசதி என்று யாரும் அதே அக்கறையோடு கேட்கவில்லை.

சரி, விடுமுறை விஷயத்துக்கு வருவோம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: அமெரிக்காவில் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் தேசிய விடுமுறை என்று எதுவுமே கிடையாது. ஃபெடரல் விடுமுறை என்று சொல்லப்படும் 11 நாட்களும் ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, தன்னுடைய சொந்த ஊழியர்களுக்குக் கொடுத்துக்கொள்வது. 1870-ல் இது தொடங்கியபோது வாஷிங்டன் நகரில் வேலை பார்த்த ஃபெடரல் ஊழியர்களுக்கு மட்டும், அதுவும் நான்கே நாட்கள்: புத்தாண்டு, சுதந்திர தினம், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ். தனியார் நிறுவனங்கள் விடுமுறை தர வேண்டும் என்றோ, வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்றோ ஃபெடரல் சட்டம் எதையும் சொல்வதில்லை. அதனால்தான் செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்தன்று வங்கியும் தபால் நிலையமும் மூடியிருக்க, கடைகளில் தள்ளுபடி விற்பனை நடக்கிறது, கல்லாவில் நிற்பவர் அன்றும் வேலை பார்க்கிறார்.

மாநிலங்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே போட்டுக்கொள்ளும். மாசசூசெட்ஸில் சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்த 1775 லெக்சிங்டன், கான்கார்ட் சண்டைகளின் நினைவாக ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை விடுமுறை, பாஸ்டன் மாரத்தான் ஓடுவதும் அன்றுதான். அலாஸ்காவில் அக்டோபர் 18, ரஷ்யாவிடமிருந்து நிலம் கைமாறிய நாள். ஹவாயில் மார்ச் 26, இளவரசர் குஹியோவின் பிறந்தநாள். லூசியானாவில் மார்டி க்ரா திருவிழா நாள். புதிதாக இங்கே குடிவந்தவர்கள் "எங்க ஆபீசுக்கு லீவு, பக்கத்து ஆபீசுக்கு இல்லையே" என்று குழம்புவது இதனால்தான்.

அப்படியானால் ஒரு நாள் இந்தப் பட்டியலுக்குள் எப்படி நுழைகிறது? அரசு உட்கார்ந்து யோசித்து, இது நல்ல நாள் என்று அறிவித்து வந்த விடுமுறை மிகவும் குறைவு. பெரும்பாலும் மக்கள் முதலில் கொண்டாடத் தொடங்கியிருக்கிறார்கள், அல்லது துக்கம் அனுசரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஊர், ஒரு மாநிலம், பல மாநிலங்கள். கடைசியில்தான் வாஷிங்டன். உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொழிலாளர் தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1882 செப்டம்பர் 5 அன்று நியூயார்க்கில் தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போயின. யாரும் அவர்களுக்கு லீவு கொடுக்கவில்லை, கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். 1887-ல் ஆரெகன் முதல் மாநிலமாகச் சட்டம் போட்டது, அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் சேர்ந்தன. ஃபெடரல் சட்டத்தில் அதிபர் க்ளீவ்லாண்ட் கையெழுத்திட்டது 1894 ஜூன் 28, புல்மன் ரயில் பெட்டி நிறுவனத்துக்கு எதிரான வேலைநிறுத்தம் நாடு முழுக்க ரயில்களை நிறுத்திக்கொண்டிருந்த அதே வாரம். அடுத்த சில நாட்களில் அதே அதிபர் சிகாகோவுக்கு ராணுவத்தையும் அனுப்பினார். உலகின் மற்ற நாடுகள் மே 1-ஐக் கொண்டாடுவதற்குக் காரணமே 1886-ல் எட்டு மணி நேர வேலைக்காக சிகாகோவில் நடந்த போராட்டம்தான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றி இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தியதும் அந்தத் தொடர்ச்சியில்தான். அமெரிக்காவின் அதிகாரபூர்வப் பட்டியலில் மே 1 இடம்பெறவேயில்லை.

போரில் இறந்த வீரர்களுக்காக மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு தினத்தின் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. பள்ளிப் பாடங்களில் 1868-ல் ஜெனரல் ஜான் லோகன் மே 30 அன்று வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கச் சொல்லி ஆணையிட்டார் என்று இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்ற ஊர்தான் இதன் பிறப்பிடம் என்று 1966-ல் அரசே அறிவித்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பு, 1865 மே 1 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒன்று நடந்தது. அடிமை முறையை ஒட்டி வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரின் கடைசி வருடத்தில் அங்கிருந்த குதிரைப் பந்தய மைதானத்தைத் தென் மாநிலப் படைகள் திறந்தவெளிச் சிறையாக மாற்றியிருந்தன. நோயிலும் வெயிலிலும் செத்துப்போன வடக்குப் படைக் கைதிகள் 257 பேரை அங்கிருந்த பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசர அவசரமாகப் புதைத்திருந்தார்கள். போர் முடிந்ததும், நேற்றுவரை அடிமைகளாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் அந்தக் குழிகளைத் தோண்டி, ஒவ்வொருவருக்கும் முறையான கல்லறை அமைத்து, சுற்றி வேலி கட்டி வெள்ளையடித்தார்கள். மே 1 காலையில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் திரண்டார்கள். முன்னால் மூவாயிரம் கறுப்பினப் பள்ளிக் குழந்தைகள் கை நிறைய ரோஜாக்களோடு நடந்தார்கள்.

இந்தச் செய்தி பின்னால் பொது நினைவிலிருந்து காணாமல் போனது. டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் 1990-களில் பழைய ஆவணங்களில் கண்டெடுத்துச் சொன்ன பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது. அந்த மைதானம் இன்று ஒரு பூங்கா, தென் மாநிலப் படைத் தளபதியாக இருந்த வேட் ஹாம்ப்டனின் பெயரில். புதைக்கப்பட்ட வீரர்களை அங்கிருந்து எடுத்து வேறு ராணுவக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். விடுமுறை மிஞ்சியது, அதைத் தொடங்கியவர்களில் முன்னே நின்ற அந்த மக்கள் கதையிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். மே மாத நீண்ட வார இறுதியில் நண்பர்கள் யாராவது பார்பிக்யூவுக்கு அழைத்தால் சந்தோஷமாகப் போகிறேன், வாய்ப்புக் கிடைத்தால் அங்கே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அடிமை முறையிலிருந்து விடுதலை கிடைத்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் (ஜூன் 19) இதைவிட நீண்ட பாதையில் வந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது, ஆனால் டெக்சாஸில் அதை அமல்படுத்த ஆளில்லை. 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் படையோடு கால்வெஸ்டனில் இறங்கி, அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று ஆணை வெளியிட்டார். அந்த மாநிலத்தில் அப்போது சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அடுத்த வருடமே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. கூடுவதற்குப் பொது இடங்களில் அனுமதி கிடைக்காததால், ஹூஸ்டனில் விடுதலை பெற்ற மக்கள் 1872-ல் தங்களுக்குள் பணம் சேர்த்து 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள், எமன்சிபேஷன் பார்க் என்று அது இன்றும் இருக்கிறது. அடிமை முறையிலிருந்து வெளியே வந்த ஏழு வருடத்தில், தங்கள் நாளைக் கொண்டாட நிலம் வாங்கியிருக்கிறார்கள்.

டெக்சாஸ் அதை மாநில விடுமுறையாக்க 1980 ஆனது. நாடு ஏற்றுக்கொள்ள 2021 ஜூன் 17 ஆனது. பைடன் கையெழுத்திட்டபோது பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் 94 வயது ஓபல் லீ. 1939-ல், சரியாக ஜூன் 19 அன்று, ஒரு வெள்ளைக் கும்பல் ஃபோர்ட் வொர்த்தில் அவருடைய குடும்பத்தின் வீட்டைத் தாக்கி எரித்தது. அப்போது அவர் சிறுமி. 2016-ல், 89 வயதில், இந்த விடுமுறைக்காக ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டரை மைல் நடப்பார், டெக்சாஸ் மக்கள் விடுதலைச் செய்திக்குக் காத்திருந்த இரண்டரை வருடங்களின் அடையாளமாக. "அரசு விடுமுறை கொடுத்தது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது இந்த 156 வருடமும் இவரைப் போன்றவர்களும் மறைந்துபோகிறார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கும் இதே பாடுதான். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில் பிரதிநிதிகள் சபையில் ஜான் கான்யர்ஸ் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 1979-ல் பிரதிநிதிகள் சபையில் ஐந்து ஓட்டுக் குறைவால் தோற்றது. ஸ்டீவி வொன்டர் பாட்டுப் பாடி ஊர் ஊராக ஆதரவு திரட்டினார், கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் விடாமல் முயன்றார், அறுபது லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. கடைசியில் இந்தியானாவின் கேட்டி ஹால் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1983 நவம்பர் 2 அன்று ரேகன் கையெழுத்திட்டார். அப்போதும் முடியவில்லை, ஏனென்றால் மாநிலங்கள் தனியாக ஏற்க வேண்டும். அரிசோனாவில் ஒரு ஆளுநர் அறிவித்த விடுமுறையை அடுத்தவர் 1987-ல் ரத்து செய்தார். 1990-ல் அந்த மாநில வாக்காளர்களும் நிராகரித்தார்கள். அதன் விளைவாக 1993 சூப்பர் பவுல் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டியை அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றினார்கள். 1992-ல் மறுபடி ஓட்டெடுப்பு, அப்போதுதான் ஜெயித்தது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இன்றைக்கும் அந்த ஜனவரித் திங்கட்கிழமை கிங்குக்கும், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ராபர்ட் ஈ. லீக்கும் பொதுவான விடுமுறை.

கொலம்பஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் இத்தாலிய வம்சாவளியினர் 11 பேரை ஒரு கும்பல் அடித்தும் சுட்டும் கொன்றது. மறுவருடம், கொலம்பஸ் வந்து 400 ஆண்டு நிறைவில், அதிபர் ஹாரிசன் அந்த நாளை நாடெங்கும் கொண்டாட அழைத்தார். தாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று காட்ட இத்தாலிய அமெரிக்கர்களுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது. ஆனால் அந்தப் பெயர் பூர்வகுடி மக்களுக்கு எதை நினைவூட்டுகிறது என்பதை யோசித்தால், பல மாநிலங்கள் அதே நாளைப் பூர்வகுடிகள் தினமாக மாற்றியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கொலம்பஸ் நாளை வேண்டும் என்று கேட்டவர்களின் வலியும் உண்மையானது, அதை மறுக்க வேண்டியதில்லை.

இப்போது தேர்தல் நாளுக்கு வரலாம். மேலே சொன்ன எல்லா நாட்களுக்கும் பின்னால், இது எங்கள் நாள் என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்தது. தேர்தல் நாளுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. எல்லோருக்கும் பொதுவானது என்பதாலேயே அதற்காக யாரும் 89 வயதில் வாஷிங்டனை நோக்கி நடக்கவில்லை. அதோடு, யார் அதிகமாக ஓட்டுப் போட வந்தால் யாருக்கு லாபம் என்ற கணக்கும் கட்சிகளுக்குள் ஓடுகிறது. 2019-ல் பிரதிநிதிகள் சபை ஒரு பெரிய தேர்தல் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது, ஃபெடரல் ஊழியர்களுக்குத் தேர்தல் நாள் விடுமுறை என்பது அதில் ஒரு பகுதி. செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் கடுமையாக எதிர்த்தார், அங்கே அது விவாதத்துக்கே வரவில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயமான பகுதி இருக்கிறது. ஃபெடரல் விடுமுறை விட்டால் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு லீவு கிடைக்கும், அவருக்கு ஏற்கெனவே ஒரு மணி நேரம் வெளியே போய்வருவது பெரிய சிரமம் இல்லை. உணவகத்தில், கிடங்கில், மருத்துவமனையில் இருப்பவருக்குக் கிடைக்காது. பள்ளி மூடினால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வேலை வேறு சேரும். ஆகவே விடுமுறை மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி, தபால் ஓட்டு, வரிசை நீளாத அளவுக்குப் போதுமான சாவடிகள், இவைதான் முதலில் வேண்டும். 2020-ல் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டுப் போட்டார்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத அளவு அது. அப்படி வந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தபால் மூலமோ முன்கூட்டியே நேரிலோ போட்டவர்கள். அதிபர் தேர்தல் இல்லாத 2014 இடைக்காலத் தேர்தலில் 40 சதவீதம்கூட வரவில்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் விடுமுறையும் வேண்டும் என்பதே என் கருத்து. பள்ளிக்கூடங்கள்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடிகள், அன்று அவை காலியாக இருந்தால் இடமும் கிடைக்கும், ஆசிரியர்களும் மாணவர்களும் சாவடிப் பணிக்கும் வரலாம். பல இடங்களில் இந்தப் பணியை ஓய்வுபெற்ற முதியவர்கள்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வர்ஜீனியாவைப் பாருங்கள், எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தலைநகரம் இருந்த மாநிலம் அது. 1889 முதல் தளபதி லீயின் பிறந்தநாள் அங்கே விடுமுறை, 1904-ல் இன்னொரு தளபதியான ஸ்டோன்வால் ஜாக்சனையும் சேர்த்தார்கள். 1984-ல் கிங் நாளும் அதிலேயே ஒட்டிவைக்கப்பட்டது, மூன்று பெயரும் ஒரே விடுமுறையில், பதினாறு வருடம். 2000-ல் கிங் நாளைப் பிரித்தார்கள், தளபதிகளின் விடுமுறை அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குப் போனது. 2020 ஏப்ரலில் ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையெழுத்திட்ட சட்டம் அந்த வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தேர்தல் நாளை மாநில விடுமுறையாக்கியது. அதே நாளில், காரணம் எதுவும் சொல்லாமல் 45 நாள் முன்பிருந்தே ஓட்டுப் போடலாம் என்ற சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார்.

நியூ ஜெர்சி, டெலவேர், மான்டானா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர்களுக்கு இந்த விடுமுறை இருக்கிறது. நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்களில், வேலை நேரத்துக்கு வெளியே போதுமான நேரம் இல்லாதவர் சம்பளம் குறையாமல் இரண்டு மணி நேரம் வரை ஓட்டுப் போடப் போகலாம், முன்கூட்டியே முதலாளியிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 1999-ல் வாகனத் தொழிலாளர் சங்கம் டெட்ராய்ட்டின் பெரிய கார் நிறுவனங்களோடு பேசித் தேர்தல் நாள் விடுமுறையை ஒப்பந்தத்திலேயே வாங்கியது. தொழிலாளர் தினமும் ஜூன்டீன்தும் வந்த பாதை இதுதான் என்பதால், வாஷிங்டனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டசபை உறுப்பினருக்கு எழுதுவது பலன் தரும். குடியுரிமை வாங்கி முதல்முறை ஓட்டுப் போடப் போகிறவராக இருந்தால், உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவுக்கான கடைசித் தேதி, முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள், வேலையிடத்தில் உங்களுக்குள்ள நேர உரிமை, இந்த மூன்றையும் அக்டோபர் வருவதற்கு முன்பே பார்த்துவையுங்கள்.